முன்னுக்கு என்ன வருது?

எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தை உண்டாக்கியது சீனி வருத்தம். விளையாட்டில் ஆசை கொண்டு யாரும் அதைத் தொடங்கவில்லை. கிளினிக்கின் நீள வாங்கில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, இரத்தத்தில் சீனி பார்க்க விரலில் குத்து வாங்கிய ஏழெட்டு ஆண்களிடம், தினமும் ஒரு மணித்தியாலம் நடந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர்களும் இரண்டு வாரம் நடந்து பார்த்தார்கள். ஆனால் கல்முனைக்குடியில் ஒரு ஆண்பிள்ளை கையை வீசிக்கொண்டு சும்மா நடந்துவிட முடியாது. "என்ன ஹாஜியார், மோட்டர்சைக்கிள் பழுதா?" என்று பத்துப் பேர் மறித்துக் கேட்பார்கள். பதினோராவது ஆள் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். சைக்கிளில் போகிறவனை யாரும் மறிப்பதில்லை. ஏதோ அலுவலாகப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள். அப்படித்தான் சங்கம் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்கு முன்னால் கூடுவார்கள். ஒரு வாரம் நிந்தவூர், ஒரு வாரம் ஒலுவில், ஒரு வாரம் வயல்வெளியால் சம்மாந்துறை. போய்ச் சேருகிற ஊரில் சங்கத்து ஆள் ஒருவரின் சொந்தக்காரர் வீடு கட்டாயம் இருக்கும். அங்கே இடியப்பமும் மாட்டிறைச்சிக் கறியும், அதற்குமேல் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும், பெருநாள் கிட்டினால் வட்டிலப்பமும் காத்திருக்கும். வழியில் இறக்கிய சீனியை இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர். முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகியவர் என்பதால் சைக்கிள்களையும் இரண்டிரண்டாக வரிசையில்தான் விடுவார். 'யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது' என்பது அவர் போட்ட முதல் சட்டம். சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் பெயருக்குக் கீழே அதைத்தான் எழுதிவைத்திருந்தார். அந்தச் சட்டத்துக்கு என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

சங்கத்தில் என் வாப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். எனக்குப் பத்து வயது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரேயொரு பெண்பிள்ளை. இப்போது யாரிடமாவது இதைச் சொன்னால், அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு வாப்பாவா என்று வியந்துபோகிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அதிபர் மட்டும் தொடக்கத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

"பொம்புளப் புள்ளய ஏன் இப்பிடி ரோட்டு ரோட்டா இழுத்துட்டுத் திரியிறீங்க?"

"அவ ஆசப்படுறா சேர். சின்னப் புள்ளதானே, இன்னும் ஒரு வருசம் போகட்டும்" என்றார் வாப்பா.

நான் ஆசைப்பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது ஏழு மணிவரை தூங்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் வாப்பா அப்படிச் சொன்னதும், ஒருவேளை ஆசைப்பட்டிருப்பேனோ என்று எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. பிறகு உண்மையாகவே பிடித்தும் போய்விட்டது.

வாப்பாவுக்கு வேன் ஓடுவது தொழில். காலையிலும் பகலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். பதினான்கு பிள்ளைகள். பாதிக்கு மேல் சங்கத்து ஆட்களின் பிள்ளைகள்தான். எங்கள் ஊரில் அவருடைய வேனுக்கு இருந்த மதிப்பு வேறு எந்த வேனுக்கும் இருக்கவில்லை. மற்ற வேன்கள் பிரதான வீதியில் பஸ்ஸோடு போட்டிபோட்டுப் பறக்கும். வாப்பா ஊர்ந்து போவார். பொழுதுபட்டு மஃரிபு ஆனபிறகு எவ்வளவு பெரிய வாடகை ஹயர் வந்தாலும் எடுக்கமாட்டார். தொழுகையை விட்டுக்கொடுக்காத மனிசன் என்று அதற்கும் ஒரு பாராட்டுக் கிடைத்தது. தன் பிள்ளைக்கு அந்த வேனில் ஒரு இடம் பிடித்துத் தரும்படி உம்மாவிடம் சிபாரிசுக்கு வந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

எனக்கு அதில் நிரந்தரமான ஓர் இடம் இருந்தது. முன் சீட், வாப்பாவுக்குப் பக்கத்தில். அங்கே வேறு பிள்ளை ஏற வாப்பா விடமாட்டார். எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. வேன் கிளம்பியதும் "முன்னுக்கு என்ன வருது?" என்று கேட்பார். முன்னால் வருவதையெல்லாம் அவருக்கு முந்தி நான் சொல்லிவிட வேண்டும். முச்சக்கரவண்டிக்கு ஒரு புள்ளி, பஸ்ஸுக்கு இரண்டு, உழவு மெசினுக்கு ஐந்து, நடு வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்குப் பத்து, வீதியைக் கடக்கிற சின்னப் பிள்ளைக்கு இருபது. நான் எதையாவது தவறவிட்டு வாப்பா திடீரென்று பிரேக் போட நேர்ந்தால் அன்றைய புள்ளிகள் எல்லாம் அழிந்துபோகும். பத்தாயிரம் புள்ளி சேர்ந்தால் கியர் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நான் பேய் பிடித்தவளாக விளையாடினேன். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடினாலும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டாலும் திரும்பிப் பார்த்ததில்லை. கண்ணை வீதியிலிருந்து எடுக்கமாட்டேன்.

சைக்கிளிலும் அதே விளையாட்டு, சட்டம் மட்டும் சற்று வேறு. நான் முன்னால் போகவேண்டும். வாப்பா என் முக்காட்டைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவார். குழி வந்தால் கையைத் தூக்கி "குழி" என்று கத்தவேண்டும், நாய் வந்தால் "நாய்". முக்காடு செம்மஞ்சள் நிறம். அதற்கென்றே சாய்ந்தமருதுக் கடையொன்றில் தேடி வாங்கித் தந்திருந்தார். உம்மாவுக்கு அந்த நிறத்தைக் கண்டால் ஆகாது. "மீன் வலைக்குக் கட்டி உடுற கொடி மாதிரி இரிக்கி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் துவைத்துக் காயப்போடுவார்.

சீனி வாப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. கடும் நிறங்கள் தெரியும், முகங்கள் தெரியாது. பெரிய உருவங்கள் கலங்கலாக வரும். குழியும் மேடும் வராது. அது வெளியே தெரிந்தால் வேன் இல்லை, வேன் இல்லையென்றால் எங்கள் வீட்டில் உலை இல்லை. வாப்பாவும் உம்மாவும் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வாப்பாவின் புளுகு ஒன்றரை வருடம் ஓடியது, ஏனென்றால் அதை நான் ஓட்டினேன். இதெல்லாம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகு உம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்கு அது விளையாட்டு மட்டும்தான்.

அந்த வருடத் தொடக்கத்தில் வேனிலிருந்து இரண்டு பிள்ளைகள் நின்றுபோனார்கள். பாமசிக்காரரின் பிள்ளைகள். வாப்பா மருந்து வாங்குவது அவருடைய கடையில்தான். அவரும் சங்கத்து ஆள். இனிமேல் தானே மோட்டர்சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகவும், காலையில் கடை திறக்கப் போகிற வழிதானே என்றும் சொன்னார். என் பின் சீட்டில் இருந்து காதுக்குள் கதை சொல்லும் அவருடைய மகள் போனதில் எனக்குக் கவலை. மற்றப்படி அவருக்கும் வாப்பாவுக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் கதைப்பார்.

சங்கத்துக்குச் சட்டை தைக்கும் பேச்சு நிந்தவூரில் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் எழுந்தது. தைப்பதில் எல்லாருக்கும் சம்மதம், நிறத்தில்தான் சிக்கல். பச்சை ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. சிவப்பு மற்றது. மஞ்சள் போன தேர்தலில் தோற்றவருடையது. எங்கள் பக்கத்தில் ஒரு நிறத்தில் சட்டை போடுவதும் வாக்குப் போடுவதும் ஒன்றுதான். அரை மணித்தியாலம் அடிபட்டபின் அதிபரின் பார்வை என் தலையில் வந்து நின்றது.

"இந்தா, இந்தப் புள்ளட முக்காட்டு நிறம். ஒரு கட்சியும் இல்ல. லொறிக்காரனுக்கு ஒரு கட்டைத் தூரத்துக்கு அங்கால வரக்குள்ளயே தெரியும்."

எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். வாப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். சங்கத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"செம்மஞ்சள் வாணாம் சேர். வெள்ள எடுப்பம். கறுப்பு எடுப்பம். வேற எதெண்டாலும் எடுங்க."

"காரணத்தச் சொல்லுங்களன்."

"அது என்ர மகள்ற நிறம்" என்றார் வாப்பா.

சபை வெடித்துச் சிரித்தது. காணிக்குப் போல நிறத்துக்கும் உறுதி முடித்து வைத்திருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. எனக்காக வாப்பா ஊரையே எதிர்த்து நிற்கிறார் என்று நினைத்தேன். பாமசிக்காரர் மட்டும் சிரிக்காமல் தயிர்ச் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாப்பாவும் கையைத் தூக்கினார்.

சட்டை வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை சம்மாந்துறைக்குப் பயணம் வைத்தார்கள். அங்கே சங்கத்து ஹாஜியார் ஒருவருக்கு அரிசி ஆலை இருந்தது. காலைச் சாப்பாடு அவருடைய பொறுப்பு. மாதக்கணக்கில் தலைகாட்டாதவர்கள்கூடச் சட்டைக்காக வந்திருந்தார்கள். முப்பது பேருக்கு மேல், எல்லாரும் தொப்பையை இறுக்கிப் பிடித்த செம்மஞ்சள் சட்டையில். எனக்கும் ஒன்று தந்திருந்தார்கள். என் சட்டைக்கு மேல் அதைப் போட்டபோது முழங்கால்வரை வந்தது. வாப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மகள், இண்டைக்கு விளையாட்டு வேற மாதிரி. நீ மணிய உடாம அடிச்சிட்டே போ. நிப்பாட்டப்படா. நிப்பாட்டினாப் புள்ளி போயிரும்."

நான் அடித்தேன். சாய்ந்தமருதைத் தாண்டும்வரை கை ஓயாமல் அடித்தேன். வாப்பா என் பின்னாலேயே வந்தார். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பியதும் அதிபர் தன் சைக்கிளை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"என்ன புள்ள, ஐஸ்பழக்காரன் மாதிரி? காது அடைக்குது. நிப்பாட்டு."

நான் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இவர் அதிபர். என் பள்ளிக்கூடத்தில் இல்லாவிட்டாலும் அதிபர். ஒரு அதிபர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டும் என்றுதான் எனக்கு ஐந்து வருடமாகச் சொல்லித் தந்திருந்தார்கள். நிறுத்தினேன். அடுத்ததாக, முச்சக்கரவண்டியில் பின்நோக்கி உட்கார்ந்து கைத்தொலைபேசியால் படமெடுத்துக்கொண்டிருந்தவர், சின்னப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் வந்தால் படம் வடிவாக இருக்கும் என்று கத்தினார். அதிபர் என் முதுகில் தட்டி அனுப்பினார். படத்தில் நான் எல்லாருக்கும் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் படம் இன்னும் யாருடைய கைத்தொலைபேசியிலாவது இருக்கும்.

பின்னால் நடந்ததை நான் காணவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் கண்டதுபோல ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் வயல். வீதியோரமாக வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல்நாள் கலியாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த பாமசிக்காரருக்கு அவசரம் வந்துவிட்டது. வரிசையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பற்றை மறைவுக்குப் போயிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த வாப்பா, அந்தச் செம்மஞ்சள் முதுகைப் பார்த்துக்கொண்டே வீதியை விட்டு இறங்கி, கரையில் ஏறி, அவரையும் தாண்டி, நேராக வாய்க்காலுக்குள் போய்விட்டார். பிரேக்கே போடவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

நான் ஓடி வந்தபோது வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வயலில் உரப் பசளை எறிந்துகொண்டிருந்த காரைதீவு மனிதர் ஒருவர் இறங்கி, வாப்பாவின் கையைப் பிடித்துக் கரையேற்றினார். மற்றவர்கள் எல்லாரும் கரையில் நின்று படம் பிடித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பாமசிக்காரர் பற்றைக்குப் பக்கத்தில் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி நின்றார். அவர் சிரிக்கவில்லை. வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

ஆலையில் இடியப்பத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கச்சேரி தொடங்கியது. வாப்பா வீதி சறுக்கியது என்றார்.

"ஆடத் தெரியாதவன் முற்றம் கோணல் எண்டானாம்" என்றார் அதிபர். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டுத் தொடர்ந்தார். "சைக்கிளையே வாய்க்காலுக்க உடுறவர் வேனை எங்க உடுவாரோ? நாளையிலிருந்து எங்கட புள்ளைகளுக்கு நீச்சல் பழக்கித்தான் அனுப்பணும்."

வாப்பா ஈரச் சட்டையோடு தலையைக் குனிந்து இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கறி ஊற்றாமல் வெறும் இடியப்பத்தைப் பிசைந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆலைக்குள் எதிரொலிக்கும்படி கத்தினேன்.

"வாப்பாக்கு நல்லா ஓடத் தெரியும்! ஒங்கட சட்டையாலதான் விழுந்தாரு. நான்தான் செம்மஞ்சள் போட்டு முன்னுக்குப் போகணும், வாப்பா என்னப் பாத்துத்தான் வரணும். அதுதான் விளையாட்டு. நீங்க எல்லாரும் போட்டுக் கொழப்பிட்டீங்க. சேர்தான் மணியும் அடிக்க வாணாம் எண்டவரு!"

"மகள், சாப்பிடு" என்றார் வாப்பா.

ஆலைக்கார ஹாஜியார் நல்ல மனிதர். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "கோவிக்காத மனே, பகிடிதானே" என்றார். பிறகு, சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கவே, "அதென்ன விளையாட்டு?" என்று கேட்டார்.

கேட்டால் சொல்லாமல் விடுவேனா? வாப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்ட எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்கு என்ன வருது என்று வாப்பா கேட்பதை, நான் பார்த்துச் சொல்வதை, முச்சக்கரவண்டிக்கு எத்தனை, மாட்டுக்கு எத்தனை என்று. பிள்ளைகளுக்கு இருபது புள்ளி என்றபோது கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"வேன்லயும் நீயா பாத்துச் சொல்ற?"

"ஓம். ஒவ்வொரு நாளும். நான் சொல்லாட்டி வாப்பா தோத்துருவாரு. நான் காய்ச்சலெண்டாலும் போகத்தான் வேணும். ஒருநாள் நான் மாட்டச் சொல்ல மறந்து வேன் கிட்டப் போயிட்டு. பொறகு வாப்பா என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாரு, புள்ளி எல்லாம் போச்செண்டு."

யாரும் சிரிக்கவில்லை. பாமசிக்காரர் எழுந்து கைகழுவப் போனார். அவருடைய தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. வாப்பா என்னைப் பார்க்கத் திரும்பி, பார்வை சற்றுத் தவறி, எனக்கு இடப்புறம் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அதிபர் ஒரு பக்கமும் ஆலைக்கார ஹாஜியார் மறுபக்கமும் வாப்பாவோடு சேர்ந்து சைக்கிள் ஓடினார்கள். "கொஞ்சம் வலப்பக்கம்", "இஞ்சால ஒரு குழி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். யாரும் பகிடி விடவில்லை. மந்திரிக்குப் போகிற பாதுகாப்பு மாதிரி இருந்தது. நான் கத்தியதில் பயந்துபோய் இப்படி மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் உல்லாசமாக வந்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அவ்வளவையும் ஒப்பித்தேன். உம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். வாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பொய் சொல்லல்லியே" என்றார்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல முன் சீட்டில் ஏறினேன். முதல் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் வீட்டில் பிள்ளை நேரத்தோடே போய்விட்டதாம். மூன்றாம் வீட்டில் ஹோர்ன் அடித்தும் யாரும் வெளியே வரவில்லை. ஜன்னல் சீலை மட்டும் அசைந்தது. வாப்பா ஒரு வீட்டையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினார், ஹோர்ன் அடித்தார், இரண்டு நிமிடம் காத்திருந்தார். பன்னிரண்டு வாசலிலும் நின்றுவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெறும் வேனில் சீட்டுக்குச் சீட்டு தாவலாம் என்று எனக்கு ஒரே சந்தோசம். பள்ளிக்கூட வாசலில், எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

"எல்லாம் ஒனக்குத்தான். விளையாட்டு முடிஞ்சி" என்றார் வாப்பா. "நீ வெண்டிட்டாய்."

வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவர்கள் பிள்ளைகளை நிறுத்தியதைக் குறைசொல்ல என்னால் முடியாது. நான் அவர்களுடைய இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். பதினான்கு பிள்ளைகளின் உயிரை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் கட்டிவிட்ட வாப்பாவை நானே இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஒரு மாடு பிழைத்ததுபோல ஒரு பிள்ளை பிழைத்திருக்காவிட்டால், அதற்கும் நான்தானே பொறுப்பு? எனக்கு ஆறாதது வேறு. சங்கம் வாப்பாவை நீக்கவில்லை. அதற்குத் துணிவு வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயர் அப்படியே இருந்தது. மற்ற எல்லாரும் சத்தமில்லாமல் புதிய குழு ஒன்றைத் தொடங்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். பழைய குழுவில், யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற வாசகத்துக்குக் கீழே வாப்பா தனியாக இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, நாளைக்கு எந்த ஊர் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். "ஒண்டும் வரல்ல வாப்பா" என்பேன். சங்கத்துக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்வார். மறுநாள் காலை முப்பது செம்மஞ்சள் முதுகுகள் எங்கள் வாசலைக் கடந்து போகும். வாப்பாவுக்குக் கேட்டுவிடும் என்றோ என்னவோ, எங்கள் வாசலில் மட்டும் யாரும் மணி அடிப்பதில்லை.

பாமசிக்காரரின் கதையை உம்மா கடைசியாகத்தான் சொன்னார், நான் பெரியவளான பிறகு. கண் மங்கி எட்டு மாதம் கழித்து எழுதி வாங்கிய கண் டொக்டரின் மருந்துத் துண்டை வாப்பா முதன்முதலாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அவரிடம்தான். வாசித்துப் பார்த்துவிட்டு, வெளியே சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். அந்த மாதமே தன் இரண்டு பிள்ளைகளையும் வேனிலிருந்து இறக்கிக்கொண்டார். சத்தியத்தையும் காப்பாற்றினார், பிள்ளைகளையும் காப்பாற்றினார். மிச்சம் பன்னிரண்டு பிள்ளைகளும் நானும் பத்து மாதம் அந்த வேனில் போய் வந்தோம். அவர் ஞாயிறு தவறாமல் வாப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்கும் வீதியில் கண்டால் சலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை என்பதால் மட்டும் சொல்கிறேன்.

வேனை ஒரு மாதத்துக்குள் யாரோ அக்கரைப்பற்று ஆள் வந்து விலைக்கு வாங்கிக்கொண்டுபோய்விட்டார். அதற்கு அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, முற்றத்தில் ஒரு கியர் சைக்கிள் நின்றது. வாப்பா வாக்குத் தவறவில்லை. கடைக்காரப் பையன் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான். கரிக் கறுப்பு நிறம், இருக்கை முதல் கைப்பிடிவரை ஒரே கறுப்பு. வாப்பா கதிரையைப் போட்டு அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஒரு கண்ணில் உள்ளுக்குள் இரத்தம் வடிந்திருந்ததாம். கண்வருத்தம், சொட்டு மருந்து விட்டால் சுகமாகிவிடும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"வந்திட்டியா மகள்? புடிச்சிரிக்கா?" என்றார். பிறகு கேட்டார். "என்ன நிறம்?"

சைக்கிள் அவருடைய முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. அதை வைத்துக்கொண்டு நிறம் கேட்கிறார் என்றால், முடிந்துபோன விளையாட்டை வாப்பா மீண்டும் தொடங்குகிறார் என்றுதான் அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தமுறை ஏமாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"செம்மஞ்சள்" என்றேன்.

வாப்பா கையை நீட்டி சைக்கிளின் சட்டத்தைத் தேடித் தொட்டார். மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"நல்லம். தூரத்திலயே தெரியும்" என்றார்.

வாப்பா வேண்டுமென்றே தோற்றுத் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி மணியை அடித்தபடி ஓடினேன். நிறுத்தச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.